ஊரடங்கு

மக்கள் கூடி வாழும் இயல்பினர். உழவும் நெசவும், வாணிகமும் கல்வியும், திருமணமும் திருவிழாவும் பலர் கூடுதலாலேயே நடைபெறுகின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் காணாத இடத்தை ஊர் என்று எவரும் கூறார். ஆயினும், கூடுதலே கேடாய் முடியும் காலமும் உண்டு. மூச்சுக் காற்றின் வழியே பரவும் கொடிய தொற்றுநோய் வரும்போது, கூடியிருப்பவர் ஒருவருக்கொருவர் தம்மை அறியாமலே துன்பம் விளைப்பவர் ஆகின்றனர். அந்நாளில் பிரிந்திருத்தலே பிறர்க்குச் செய்யும் உதவியாகிறது.

இரவு முதிர்ந்து, விளக்குகள் அணைந்து, தெருவில் நடமாட்டம் ஓய்ந்த பொழுதை ‘ஊர் அடங்கிய நேரம்’ என்று கூறுவது தமிழர் வழக்கம். பகற்பொழுதிலும் ஊர் அடங்கியே இருக்க வேண்டிய நிலை 2020-ஆம் ஆண்டில் நேர்ந்தது. மக்கள் அதனை எவ்வாறு ஏற்றனர்? எவ்விடத்தில் மீறினர்? மீறியதற்குக் காரணம் யாது? இவற்றை ஆராய்ந்து அறிவது பயனுடையது. வந்த நோய் தணிந்துவிட்டது; ஆனால், வேறொரு நோய் வாராது என்று உறுதி கூற எவராலும் இயலாது.

கொரோனா என்னும் நச்சுயிரியால் வந்த அந்நோய் 2019-ஆம் ஆண்டின் இறுதியில் சீன நாட்டு வூகான் நகரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2020 மார்ச்சு 11-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அதனை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. நச்சுயிரி உடலுட் புகுந்தபின், நோய்க்குறி தோன்றப் பெரும்பாலும் இரண்டு நாள் முதல் பதினான்கு நாள் வரை ஆகும். குறி தோன்றுவதற்கு முன்னரே ஒருவர் பிறருக்கு நோயைத் தரக்கூடும். அதனால், ‘நான் நலமாக இருக்கிறேன், எனக்கு ஏன் கட்டுப்பாடு?’ என்று கேட்பவரும் நோயைச் சுமந்து திரிபவராக இருக்கலாம். தடுப்பூசியும் இன்றித் தக்க மருந்தும் இன்றி உலகம் நின்ற நாளில், விலகியிருத்தல் ஒன்றே கைக்கு எட்டிய காப்பாக இருந்தது. அது நோயை அடியோடு அழித்துவிடாது; பரவும் விரைவைக் குறைக்கும். ஒரே நாளில் ஆயிரவர் மருத்துவமனை வாயிலில் வந்து நிற்பதைத் தடுத்து, மருத்துவர்க்கும் அறிவியலார்க்கும் காலத்தை ஈட்டித் தரும். ஊரடங்கின் நோக்கம் இதுவே.

இம்முறை இன்று தோன்றியதன்று. கொள்ளைநோய்க்கு அஞ்சிய ரகூசா என்னும் கடற்கரை நகரம் 1377-ஆம் ஆண்டிலேயே, நோயுள்ள நாட்டிலிருந்து வருவோர் முப்பது நாள் புறத்தே தங்கிய பின்னரே நகருட் புகலாம் என்று விதித்தது. பின்னர் வெனிசு முதலிய நகரங்களில் அது நாற்பது நாளாயிற்று. தொற்றுக் காப்புத் தனிமையைக் குறிக்க மேனாட்டு மொழிகளில் வழங்கும் சொல், நாற்பது என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்தே பிறந்தது.

இந்தியாவில் இந்நோய் 2020 ஜனவரி 30-ஆம் நாள் கேரளத்தில் முதன்முதல் காணப்பட்டது. தமிழ்நாட்டில் மார்ச்சு 7-ஆம் நாள் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். வெளிநாட்டிலிருந்து திரும்பிய அவர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். மார்ச்சு 22-ஆம் நாள் நாடெங்கும் மக்கள் ஒரு பகல் முழுதும் தாமே வீட்டில் இருந்தனர். மார்ச்சு 24-ஆம் நாள் இரவு எட்டு மணிக்குப் பிரதமர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் உரையாற்றி, அன்று நள்ளிரவு முதல் இருபத்தொரு நாள் நாடு முழுதும் ஊரடங்கு என்று அறிவித்தார். அறிவிப்புக்கும் அதன் தொடக்கத்துக்கும் இடையே இருந்தவை நான்கு மணி நேரமே. அந்த இருபத்தொரு நாள் பின்னர் மே மாத இறுதிவரை நீண்டது.

இவ்வறிவிப்பால் நெசவாளர் பெற்ற பயனும் பட்ட துன்பமும் எண்ணிப் பார்க்கத்தக்கன. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் உள்ள ஐயம்பேட்டை பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கும் அதனைச் சுற்றியுள்ள நெசவூர்களிலும் வீடே தொழிற்கூடம். வீட்டினுள் தரையைத் தோண்டி அமைத்த குழியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து, மிதிகட்டைகளை மிதித்து, நாடாவை எறிந்து நெசவாளர் நெய்வர். ‘வீட்டிலேயே இருங்கள்’ என்னும் ஆணை அவர்களுக்கு எளியது என்றே அயலார் கருதக்கூடும். ஆனால், உண்மை வேறு.

ஒரு பட்டுச் சேலை ஒரு வீட்டில் நெய்யப்படுவதாயினும் ஒரு வீட்டால் நெய்யப்படுவதன்று. பட்டு நூலின் பெரும்பகுதி கருநாடகத்திலிருந்து வரும். சரிகை குசராத்து மாநிலத்துச் சூரத்து நகரிலிருந்தும் வரும். நூலை ஒருவர் முறுக்குவர். மற்றொருவர் சாயம் தோய்ப்பர். வேறொருவர் தார் சுற்றுவர். விடியற்காலையில் பாவினைத் தெருவின் நீளத்துக்கு விரித்து, பலர் இருபுறமும் நின்று கஞ்சி தோய்த்து, இழை ஒட்டாமல் பிரித்து ஒழுங்கு செய்வர். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்குத் தறியிலும் ஒருவர் போதார். கரை நாடாவை எறிய உடன் ஒருவர் இருத்தல் வேண்டும். நெய்த சேலையை வாங்கக் கூட்டுறவுச் சங்கமோ வணிகரோ வேண்டும். அவர் வாங்குவதற்குத் திருமணம் நடத்தும் குடும்பங்கள் கடைக்கு வரவேண்டும்.

இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் ஊரடங்கு அறுத்தது. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை நெய்யலாம். தறியில் பாவு இருந்தவரையில் நாடா ஓடியது. பாவு முடிந்தபின் புதுப் பாவுக்குப் பட்டு வரவில்லை. தெருவில் கூடிக் கஞ்சி தோய்க்கவும் வழியில்லை. சித்திரை, வைகாசித் திங்களில் நடைபெற வேண்டிய திருமணங்கள் தள்ளிவைக்கப்பட்டன. அல்லது மிகச் சிலரோடு எளிமையாக நடந்தன. நெய்து முடித்த சேலைகளும் விற்பனையின்றி அடுக்கிலேயே கிடந்தன. கூலி, சேலைக்கு இவ்வளவு என்று பெறுவதே நெசவாளர் வழக்கம். சேலை இல்லையேல் கூலி இல்லை. வீட்டை விட்டு வெளியே செல்லாத தொழிலாளிக்கும் ஊரடங்கு வெளியிலிருந்து பசியைக் கொணர்ந்தது.

அதற்கு முந்திய ஆண்டில் இவ்வட்டாரம் கண்ட காட்சியை நினைப்பவர்க்கு இம்மாறுதலின் அளவு விளங்கும். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை, நாற்பத்தெட்டு நாள், காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் காட்சி நடைபெற்றது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அங்கு வந்து வணங்கினர் என்பர். அவ்வளவு கூட்டத்தைத் தாங்கிய நகரம், அடுத்த ஆண்டு தன் கோயிற் கதவுகளைத் தன் மக்களுக்கே அடைத்து வைத்தது. பெரிய கோயில்கள் 2020 செப்டம்பர் 1-ஆம் நாள்தான் மீண்டும் மக்களுக்காகத் திறக்கப்பட்டன. வழிபாட்டுக்குரிய இடம் மூடப்பட்டபோது மக்கள் வருந்தினர். ஆயினும் பெரும்பாலோர் பொறுத்தனர். காரணம் விளங்கிய இடத்தில் மக்கள் அரியதையும் துறப்பர் என்பதற்கு இதுவே சான்று.

ஊரடங்கை மக்கள் ஒரே மனத்தோடு ஏற்கவில்லை. ஒரே காரணத்தால் மீறவும் இல்லை. முதற்கண் அச்சத்தால் அடங்கினர். சில வாரங்கள் சென்றபின் பசி எழுந்தது. நாட்கூலியாளர், தெருவணிகர், வண்டி ஓட்டுவோர் முதலியோர் வெளியே வந்தனர். வேற்று மாநிலங்களில் வேலை செய்துவந்த தொழிலாளர் பல நூறு கல் நடந்தே தம் ஊர்க்குச் சென்றனர். இவர்கள் விதியை வெறுத்தவர் அல்லர். விதியைக் காக்க வகையற்றவர். வேறு சிலர் நோய் என்பதே பொய் என்று நம்பினர். இன்னும் சிலர் நோயை நம்பினர்; ஆனால் கட்டுப்பாடு பிறர்க்கே உரியது என்று எண்ணினர். இம்மூவகையினரையும் ஒரே கோலால் அளத்தல் முறையாகாது. முதல்வகையினர்க்கு வேண்டுவது உணவு. இரண்டாம் வகையினர்க்கு வேண்டுவது அறிவு. மூன்றாம் வகையினர்க்கே தண்டம் வேண்டும்.

அரசும் இதனை உணராமல் இல்லை. அரிசி பெறும் குடும்ப அட்டை உடையவர்க்குத் தமிழ்நாட்டரசு 2020 ஏப்ரலில் ஆயிரம் ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் வழங்கியது. நடுவண் அரசு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் கூடுதலாக அளித்தது. இவை பட்டினியைத் தடுத்தன. எனினும், இழந்த கூலிக்கு ஈடாகவில்லை.

தமிழ் மக்களுக்குத் தொற்றுக் காலக் கட்டுப்பாடு அறியாத ஒன்றன்று. ஒரு வீட்டில் அம்மை கண்டால் வாயிலில் வேப்பிலை செருகுவர். அதனைக் கண்ட அயலார் உட்புகார். அவ்வீட்டாரும் பிறர் வீட்டுக்குச் செல்லார். நோயாளி தனியே இருப்பார். தலைக்கு நீர் ஊற்றும் நாள் வரும் வரையில் இவ்வொழுங்கு நீடிக்கும். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், ஊரார் வெளியூரில் இரவு தங்காமல் இருப்பதும் பல ஊர்களில் வழக்கம். இவற்றை மக்கள் தெய்வத்தின் பெயரால் செய்தனர். அவற்றுள் சில நம்பிக்கைகள் மருத்துவத்துக்கு மாறானவை. பெரியம்மைக்கு அம்மை குத்திக்கொள்ள அஞ்சிய மக்களும் இருந்தனர். ஆயினும், ஒன்று தெளிவு. வாயிலில் வேப்பிலை இருக்கும்போது அங்கே காவலர் நிற்க வேண்டிய தேவை இல்லாமல் இருந்தது.

இலக்கணம் கற்போர் தன்வினை, பிறவினை என்னும் வேறுபாட்டை அறிவர். ‘அடங்கினான்’ என்பது தன்வினை. ‘அடக்கினான்’ என்பது பிறவினை. தமிழ் மக்கள் வழங்கிய சொல் ஊரடங்கு என்பதே, ஊரடக்கு என்பதன்று. ஊர் தானே அடங்கும்போது நோய் தணிகிறது. ஊரைப் பிறர் அடக்க முற்படும்போது நோயோடு பகையும் வளர்கிறது. இதற்கு வரலாற்றில் இரண்டு சான்றுகள் உள்ளன.

இங்கிலாந்தில் ஈயம் என்னும் சிற்றூர் உள்ளது. 1665-ஆம் ஆண்டில் அங்குக் கொள்ளைநோய் புகுந்தது. அவ்வூர்ச் சமயகுருமார் மக்களைக் கூட்டி, ‘நாம் வெளியே சென்றால் அயலூர்களும் அழியும், இங்கேயே இருப்போம்’ என்று எடுத்துரைத்தனர். ஊரார் இசைந்தனர். அக்கம்பக்கத்து ஊரார் உணவுப் பொருளை எல்லைக்கல்லில் வைத்துச் செல்வர். ஈயத்து மக்கள் காசினைப் புளிங்காடியில் இட்டு அங்கே வைப்பர். அருகிலிருந்த பெருநிலக்கிழாரும் உணவு அனுப்பினார். ஊரில் மிகப் பலர் மாண்டனர். ஆயினும் நோய் எல்லையைக் கடக்கவில்லை. அவர்கள் அடங்கியிருந்தமைக்குக் காரணம் இரண்டு: அவர்களிடம் காரணம் கூறப்பட்டது, அவர்களுக்கு உணவு வந்தது.

இரண்டாம் சான்று நம் நாட்டுப் பூனா நகரம். 1897-ஆம் ஆண்டில் அங்குப் பிளேக்கு நோய் பரவியபோது, ஆங்கில அரசு தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. ராண்டு என்னும் அதிகாரியின் கீழ்ப் போர்வீரர் வீடுகளுட் புகுந்து நோயாளரைத் தேடினர். வீட்டாரின் மானத்தையும் வழக்கத்தையும் மதியாமல் நடந்தனர். மக்கள் நோயினும் சோதனைக்கு மிகுதியாக அஞ்சி, நோயாளரை மறைத்து வைத்தனர். அவ்வாண்டு ஜூன் 22-ஆம் நாள் சாபேக்கர் உடன்பிறந்தார் ராண்டைச் சுட்டனர். நோக்கம் நன்றாயினும் முறை தீதாயின் விளைவும் தீதாகும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது. அன்று இயற்றிய அதே சட்டம் 2020-ஆம் ஆண்டிலும் இந்தியாவில் கையாளப்பட்டது.

இவ்விருவகை முறையும் 2020-இல் தமிழ்நாட்டிலேயே காணப்பட்டன. சென்னையில் காவல்துறை அலுவலர் ஒருவர் நச்சுயிரியின் வடிவில் செய்த தலைக்கவசத்தை அணிந்து சாலையில் நின்று, வருவோர்க்கு நோயின் கொடுமையை எடுத்துக் கூறினார். கண்டவர் நகைத்தனர், ஆனால் கேட்டனர். அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து கடையைத் திறந்து வைத்ததாகக் கூறி, தந்தையும் மகனுமாகிய வணிகர் இருவரைக் காவலர் பிடித்துச் சென்றனர். சில நாள்களில் இருவரும் இறந்தனர். காவல் நிலையத்தில் அவர்கள் கொடுமையாகத் தாக்கப்பட்டனர் என்று நாடே கொதித்தது. காவலர் பலர்மீது கொலை வழக்குத் தொடுக்கப்பட்டது. உயிரைக் காக்க வந்த விதியின் பெயரால் உயிர் போவதைக் காட்டிலும் பெரிய முரண் வேறு இல்லை.

அச்சம் மக்களையும் கொடியவர் ஆக்கியதுண்டு. நோயாளர் இருந்த தெருக்களைத் தகரத்தால் அடைத்தனர். வீட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டினர். அவை எச்சரிக்கைக்காகச் செய்யப்பட்டவை. ஆனால், அயலார் சிலர் அவற்றை இழிவின் அடையாளமாகக் கொண்டனர். அதனால் காய்ச்சல் கண்டவர் சிலர் அதனை மறைத்தனர். மறைத்த நோயே விரைந்து பரவியது. 2020 ஏப்ரலில், நோயுற்று இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவொட்டாமல் சென்னையில் ஒரு கூட்டம் தடுத்துத் தாக்கியது. பிறர் உயிர்காக்கும் தொழிலில் இருந்தவர்க்கு ஆறடி நிலம் மறுக்கப்பட்டது. அவ்வாறு தடுப்போரைத் தண்டிக்க அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. விதியை மீறுவது மட்டும் குற்றமன்று. விதியின் பெயரால் அன்பை மறப்பதும் குற்றமே.

திடீரென்று வரும் அறிவிப்பும் தீங்கு செய்யும். சென்னை, மதுரை, கோவை முதலிய நகரங்களில் 2020 ஏப்ரல் 26 முதல் முழு ஊரடங்கு என்று இரண்டு நாளுக்கு முன்னர் அறிவித்தபோது, மக்கள் பொருள் வாங்கக் கடைகளில் திரண்டனர். கோயம்பேட்டுச் சந்தையிலும் பெருங்கூட்டம் நெருங்கியது. அச்சந்தையில் நோய் பரவியது தெரியவந்து, மே 5-ஆம் நாள் அது மூடப்பட்டது. அங்கிருந்து திரும்பிய தொழிலாளரால் பல மாவட்டங்களில் நோயாளர் தொகை பெருகியது. கூட்டத்தைத் தவிர்க்க வந்த ஆணை, முன்னேற்பாடு இன்மையால், கூட்டத்தைக் கூட்டியது.

பட்டறிவு வீண்போகவில்லை. 2021 மே மாதத்தில் நோய் இரண்டாம் முறையாகக் கடுமையாகத் தாக்கியபோது, மே 24 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு வந்தது. அதற்கு முன்னும் கடைகளில் கூட்டம் திரண்டதாயினும், பின்னர்க் காய்கறியும் பழமும் வண்டிகளில் தெருத்தெருவாகக் கொண்டுவரப்பட்டன. அரிசி பெறும் அட்டையாளர்க்கு இரண்டு தவணையாக நாலாயிரம் ரூபாயும், பதினான்கு வகை மளிகைப் பொருள் அடங்கிய பையும் வழங்கப்பட்டன. வாயிலுக்குக் கீரை வந்தபோது சந்தைக்குச் செல்ல வேண்டிய தேவை குறைந்தது. ஆணையும் உதவியும் ஒருங்கே வந்தால் அடங்கியிருத்தல் எளிதாகும்.

2023 மே 5-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் இந்நோயின் நெருக்கடி நிலை முடிந்தது என்று அறிவித்தது. அதற்குள் தமிழ்நாட்டில் மட்டும், அரசுக் கணக்கின்படி, 38,000-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்திருந்தனர். நெசவூர்களில் பாவுகள் மீண்டும் தெருவில் விரிந்தன. தறிகளும் ஓடத் தொடங்கின. ஆயினும், அவ்விடைவெளியில் பட்ட கடனும் விட்ட தொழிலும் பல குடும்பங்களில் வடுவாக நின்றன.

ஆள்வோர்க்கும் மக்களுக்கும் அக்காலம் கற்பித்த பாடம் உண்டு. கட்டுப்பாட்டை விதிப்பவர் அதன் காரணத்தை முன்னதாக விளக்குதல் வேண்டும். வீட்டில் இருக்கச் சொல்லும் நாளில் அவ்வீட்டின் அடுப்பு எரிகிறதா என்று பார்த்தல் வேண்டும். செல்வர்க்கு ஒரு நீதியும் எளியவர்க்கு ஒரு நீதியும் இல்லாமற் காத்தல் வேண்டும். மக்களும் தமக்கு வந்த நோயை மறையாமலும், பிறர்க்கு வந்த நோயை இகழாமலும், காவலர் கண் காணாத இடத்தும் கட்டுப்பாட்டைக் காத்தல் வேண்டும். முகக்கவசம் அணிபவர் தம் முகத்தை மட்டும் காப்பவர் அல்லர். எதிரே வரும் முதியவரின் மூச்சையும் காப்பவர். வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வடக்கம் தனி மனிதர்க்கு மட்டும் உரியதன்று. ஓர் ஊருக்கும் ஒரு நாட்டுக்கும் உரியது. அது அச்சத்தால் வருவதாயின் அச்சம் நீங்கியவுடன் நீங்கும். பிறர்பால் உள்ள அன்பால் வருவதாயின் நோய் நீங்கும் வரையில் நிலைக்கும்.